பறவையறிஞர் சலீம் அலியும் பெரியோர் கடமையும்

முன்னுரை

சிறார் கையில் நாம் எப்பொருளைக் கொடுக்கின்றோமோ, அப்பொருளால் விளையும் நன்மைக்கும் தீமைக்கும் நாமே பொறுப்பாளர் ஆவோம். இதனை மறுப்பார் ஒருவரும் இலர். ஆயினும் ஒப்புதல் வேறு, ஒழுகுதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை எம் சொந்தப் பட்டறிவாலேயே யாம் உணர நேர்ந்தது. அந்நிகழ்ச்சியை முதலில் சொல்லி, பின்னர் ஒரு பெரியாருடைய வாழ்க்கை வரலாற்றை மாணவ அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

விழுப்புரத்திற்குக் கிழக்கே, புதுச்சேரிச் சாலையும் பண்ருட்டிச் சாலையும் பிரியுமிடத்தில் உள்ள கோலியனூர் எமது ஊர். சில ஆண்டுகட்கு முன் ஒரு விடுமுறை நாளில் அவ்வூரில் எமக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய மைந்தன் பதினொரு வயதுச் சிறுவன். தேர்வில் நன்கு தேறியமைக்குப் பரிசாகத் தந்தையார் அவனுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கித் தந்திருந்தார். யாம் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கையில் அச்சிறுவன் ஏரிக்கரையிலிருந்து ஓடி வந்தான். ஒரு கையில் துப்பாக்கி. மற்றொரு கையில் பச்சை நிறமுள்ள ஒரு சிறு பறவை உயிரற்றுக் கிடந்தது. இதன் பெயர் யாது என்று எம்மை வினவினான். எமக்கு அது தெரியாது. தெரியாதென்று சொல்ல நாணி, பாடத்தைப் போய்ப் படிக்குமாறு அதட்டி அனுப்பினோம். அவன் எம் முன் நின்ற அவ்வளவு நேரமும், அவன் இடுக்கியிருந்த துப்பாக்கியின் வாய், படியில் அமர்ந்திருந்த அவன் தங்கையின் முகத்துக்கு நேராக இருந்தது. தந்தையார் அதனைக் கண்டார்; யாமும் கண்டோம்; இருவருமே வாய் திறந்திலோம். ஒரு தீங்கும் நிகழவில்லை. ஆனால் நிகழாமைக்குக் காரணம் எங்கள் அறிவன்று.

பிற்காலத்தில் சலீம் அலி என்னும் பறவையறிஞர் தம் இளமையைப் பற்றி எழுதியுள்ளவற்றைப் பயின்றபோது அந்தத் திண்ணைக் காட்சி எம் கண்முன் மீண்டும் வந்து நின்றது. அங்கேயும் ஒரு சிறுவன், ஒரு காற்றுத் துப்பாக்கி, பெயர் தெரியாத ஒரு பறவை. பெரியோர் நடந்துகொண்ட முறை ஒன்றே வேறு.

பிறப்பும் வளர்ப்பும்

சலீம் மொயிஸுதீன் அப்துல் அலி என்பது அவர்தம் முழுப்பெயர். 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாய் நகரில் சுலைமானி போரா வகுப்பைச் சார்ந்த முஸ்லிம் குடும்பம் ஒன்றில் கடைக்குட்டியாகப் பிறந்தார். ஓராண்டு நிரம்பிய அளவில் தந்தையாரையும், மூன்று வயதில் அன்னையாரையும் இழந்தார். தாய் மாமனாகிய அமீருதீன் தயாப்ஜி என்பவரும், மக்கட்பேறில்லாத அவர்தம் துணைவியார் ஹமீதா பேகமும் அவ்வநாதைக் குழந்தைகளைத் தம் மக்களாகவே ஏற்று, கேத்வாடிப் பகுதியிலிருந்த தம் இல்லத்தில் வளர்த்தனர். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்த அப்பாஸ் தயாப்ஜியும் இவருக்கு ஒரு மாமன் முறையினரே.

தொடக்கக் கல்வியைக் கிர்காமில் கிறிஸ்தவ மிஷன் ஒன்று நடத்திய பெண்கள் பள்ளியில் தமக்கையரோடு பயின்றார். பின்னர்ப் பம்பாய்த் தூய சவேரியார் கல்விச்சாலையில் சேர்ந்தார். பதின்மூன்று வயதளவில் ஓயாத தலைவலி அவரை வருத்தவே, சிந்து நாட்டிலிருந்த உறவினரிடம் சென்று தங்க நேர்ந்தது. 1913-இல் ஒருவாறு மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். படிப்பில் முதன்மை பெற்ற மாணாக்கர் என்று அவரைச் சொல்ல இயலாது.

காற்றுத் துப்பாக்கி

மாமனார் அமீருதீன் வேட்டையில் பெருவிருப்பினர். அவர் சலீமுக்கு ஒரு விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கியைப் பரிசாக அளித்தார். அக்காலத்தில் வசதி படைத்த குடும்பங்களில் இது புதுமையன்று. சலீமுக்கு இருபத்தோராண்டு முன்பே பிறந்த ஜிம் கார்பெட்டும், நைனிதாலில் சிறுவனாயிருந்தபோது, ஒரு குழல் வெடித்துப் பிளந்த பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியைப் பெற்று அதனைக் கொண்டே காட்டில் திரிந்தவர். இவ்வாறு கொடுத்த பெரியோர் எல்லாரும் அன்பினாலேயே கொடுத்தனர். அன்பு மட்டும் காவலாகாது என்பதை அக்காலம் உணர்ந்திலது.

சலீமின் வீட்டுச் சுற்றுப்புறத்தில் சிறுவர்களுக்குள் குறிபார்த்துச் சுடும் போட்டிகள் நடப்பதுண்டு. அவருடைய விளையாட்டுத் தோழருள் இஸ்கந்தர் மிர்ஸா என்னும் தூரத்து உறவினர் ஒருவர் குறி தவறாதவர் எனப் பெயர் பெற்றவர். அவரே பின்னாளில் பாகிஸ்தானத்தின் முதற் குடியரசுத் தலைவரானவர். சலீமுக்கும் அப்பருவத்தில் பெரிய வேட்டைக்காரனாக வேண்டும் என்பதே ஆவல். வேட்டை நூல்களையே விரும்பிப் படித்தார்.

அத்துப்பாக்கி செய்த வேலை யாது? ஏறக்குறையப் பத்து வயதில் அவர் எழுதி வைத்த குறிப்பொன்று அதனை உள்ளவாறு காட்டுகின்றது. வீட்டுக் கொட்டிற் சுவரின் பொந்து ஒன்றில் பெண் குருவி முட்டையிட்டு அடைகாத்திருந்தது. ஆண் குருவி வெளியே ஓர் ஆணி மீது அமர்ந்து காவல் புரிந்தது. சலீம் மறைந்திருந்து அவ்வாணைச் சுட்டு வீழ்த்தினார். சிறிது நேரத்தில் பெண் குருவி வேறோர் ஆணைத் துணையாகக் கொண்டது, அதனையும் சுட்டார். இங்ஙனம் ஏழு நாட்களில் எட்டு ஆண் குருவிகள் மடிந்தன. இதனைப் பயிலும்போது நமக்கு இருவேறு உணர்ச்சிகள் எழுகின்றன. ஒன்று, அவ்வுயிர்களுக்காக இரக்கம். மற்றொன்று, கொன்ற கையே அன்று மாலையில் எழுதுகோலையும் எடுத்தது என்னும் வியப்பு. வேட்டைக்காரனும் ஆராய்ச்சியாளனும் அச்சிறுவனுள் அருகருகே இருந்தனர். எவன் வளர்வான் என்பது அவன் கையில் இல்லை. அவனைச் சூழ்ந்த பெரியோர் கையிலேயே இருந்தது.

மஞ்சள் கழுத்துக் குருவி

1908-ஆம் ஆண்டு அது தீர்ந்தது. ஒரு நாள் சலீம் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறத் தீற்று ஒன்று காணப்பட்டது. ஊர்க்குருவிகளில் அத்தகைய நிறத்தை அவர் கண்டதில்லை. இதனை உண்பது முறையாகுமோ என்ற ஐயமும் பிறந்தது. அவர் அதனை மாமனாரிடம் கொண்டு சென்றார்.

மாமனாருக்கும் அது தெரியவில்லை. இவ்விடத்தில்தான் எம் தலை தாழ்கின்றது. அவர் தம் அறியாமையை மறைத்தாரில்லை. சிறுவனை அதட்டி விரட்டினாரில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராயிருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயருக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதி, பறவையோடு சிறுவனை அவரிடம் அனுப்பினார்.

1883-இல் நிறுவப்பட்ட அக்கழகம் அந்நாளில் துரைமார் நடமாடும் இடம். குருவியொன்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி உள்ளே சென்ற இந்தியச் சிறுவனை மில்லார்டு அன்புடன் வரவேற்றார். அது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று கூறினார். அத்துடன் அமையாது, பாடம் செய்து அடுக்கி வைத்திருந்த பறவைகளின் இழுப்பறைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து காட்டினார். சில நூல்களைப் படிக்கக் கொடுத்தார். பறவையின் தோலை உரித்துப் பாடம் செய்யும் முறையையும் கற்றுக்கொள்ளுமாறு வழிவகுத்தார். கழகத்தின் காப்பாளராயிருந்த கின்னியர் என்பாரும் சிறுவனுக்குத் துணை நின்றார். அன்றுமுதல் சலீமுக்குச் சுடுவது நோக்கமாக இல்லை, அறிவதே நோக்கமாயிற்று.

பல ஆண்டுகள் கழித்து, 1985-இல், தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக்கியபோது ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும் தலைப்பையே அவர் அதற்குச் சூட்டினார். தம் வாழ்வின் தொடக்கம் அதுவே என்று அவர் கருதினார்.

கல்வியும் இடர்களும்

1914-இல் குடும்பத்தின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனிக்கப் பர்மாவிலுள்ள தாவோய் சென்றார். அங்குக் காடும் பறவையும் அவரை ஈர்த்தனவேயன்றித் தொழில் ஈர்க்கவில்லை. 1917-இல் பம்பாய்க்குத் திரும்பி வணிகக் கல்வி பயின்றார். தூய சவேரியார் கல்லூரியில் ஆசிரியராயிருந்த பிளாட்டர் என்னும் இயேசு சபைத் துறவியார் அவர்தம் உள்ளப் போக்கை உணர்ந்து, விலங்கியலையும் உடன் பயிலுமாறு ஊக்கினார். 1918 டிசம்பரில் தெஹ்மினா பேகம் என்னும் அம்மையாரை மணந்தார்.

1926-இல் பம்பாய்ப் பொருட்காட்சிச் சாலையில் வழிகாட்டும் விரிவுரையாளராக அமர்ந்தார். 1928-இல் விடுப்புப் பெற்று ஜெர்மனி சென்று, பெர்லின் விலங்கியற் காட்சிச் சாலையில் பேராசிரியர் ஸ்டிரெஸ்மான் என்பவரிடம் பயின்றார். 1930-இல் திரும்பியபோது வேலை இல்லை. பணமின்மையால் அப்பதவியையே எடுத்துவிட்டனர். மனைவியாருடன் கீகிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் தங்கி, தூக்கணாங்குருவியின் வாழ்வை மரத்தடியில் அமர்ந்து நாடோறும் உற்று நோக்கினார். ஒரே ஆண் குருவி ஒன்றன்பின் ஒன்றாகப் பல கூடுகள் பின்னிப் பல பெண்களோடு இல்லறம் நடத்துவதை அவர் விளக்கியது புதிய செய்தியாயிற்று. இருபதாண்டுக்கு மேற்பட்ட காலத்திற்கு முன் கொட்டிற் பொந்தருகே மறைந்திருந்து சுட்ட அதே பொறுமை, இப்போது சுடாமல் காத்திருந்தது. அக்காலத்திலேயே நம் நீலகிரியிலுள்ள கோத்தகிரியிலும் சில திங்கள் தங்கினார்.

ஹைதராபாத், திருவாங்கூர், கொச்சி முதலிய நாட்டரசுகளில் பறவைக் கணக்கெடுக்கும் பணி அவரை நாடி வந்தது. ஊதியம் சிறிது, அலைச்சல் பெரிது. உடனிருந்து உதவிய தெஹ்மினா அம்மையார் 1939-இல் ஒரு சிறு அறுவை மருத்துவத்தின் பின் காலமானார். அத்துயரினின்று அவர் எளிதில் மீளவில்லை. தமக்கையும் அவர்தம் கணவரும் அவரைத் தம் இல்லத்தில் வைத்து ஆதரித்தனர். 1941-இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவரது நூல் வெளிவந்து, பறவை நோக்குதலை எளிய மக்களுக்கும் உரியதாக்கிற்று. டில்லன் ரிப்ளி என்னும் அமெரிக்க அறிஞருடன் அவர் எழுதிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளியாயின. 1958-இல் பத்ம பூஷணும் 1976-இல் பத்ம விபூஷணும் அவரை வந்தடைந்தன. 1985-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப் பெற்றார். 1987 ஜூன் 20-ஆம் நாள், தொண்ணூறு வயதில், பம்பாயில் உயிர் நீத்தார். அவர் பெயரால் 1990-இல் தொடங்கிய பறவையியல் ஆய்வு நிலையம் கோவைக்கு அருகே ஆனைகட்டியில் நிற்கின்றது.

துப்பாக்கியும் வளையமும்

சலீம் அலியைக் கொல்லாமை நோன்பு பூண்டவராகக் காட்டுவது உண்மைக்கு மாறாகும். ஆராய்ச்சிக்கெனப் பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்யும் வழக்கம் அவரிடம் நெடுங்காலம் இருந்தது. அதனை அவர் மறைத்ததில்லை; அறிவியலுக்கு இன்றியமையாத அளவில் அது வேண்டும் என்றே வாதாடினார். பொழுதுபோக்கிற்காகப் பறவைக் கூட்டங்களை அழித்தலையோ அவர் எதிர்த்து நின்றார். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு செய்தி காட்டும். 1938 நவம்பர் 12-ஆம் நாள், அவருக்கு நாற்பத்திரண்டு வயது நிரம்பிய அதே நாளில், பரத்பூர் நீர்நிலையில் வைசிராய் லின்லித்கோ பிரபுவை முதல்வராகக் கொண்ட வேட்டைக் கூட்டம் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. அவ்வெண் அங்குள்ள கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நீர்நிலையைப் பறவைகளின் புகலிடமாகக் காக்கப் பிற்காலத்தில் உழைத்தோருள் சலீம் அலி தலையாயவர்.

நம் தமிழ்நாட்டிலுள்ள கோடியக்கரையின் சிறப்பையும் அவர் உணர்ந்து உரைத்தார். 1967-இல் அது வனவிலங்குப் புகலிடமாயிற்று. வலசை வரும் பறவைகளை அங்கு வலையிற் பிடித்து, காலில் சிறு உலோக வளையம் பூட்டி, மீண்டும் பறக்க விடும் பணியை அவருடைய கழகத்தார் பல ஆண்டுகள் நடத்தினர். சுட்ட பறவை தான் எங்கிருந்தது என்பதை மட்டும் சொல்லும். வளையம் பூண்ட பறவையோ எங்கிருந்து வந்தது, எங்குச் செல்லும் என்பதையும் சொல்லும்.

இவ்வறிவு நம் பக்கத்து மக்களுக்குப் புதிதன்று. திண்டிவனத்திற்கு வடக்கே, மதுராந்தகத்தை அடுத்துள்ள வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் சினந்து கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ஆம் ஆண்டளவில் அதனைத் தடுக்கும் ஆணை பெற்றனர் என்பர். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தம் வயலுக்கு உரமாவதை அவ்வுழவர் அறிந்திருந்தனர். துப்பாக்கி ஏந்திய கைக்கு முன் நின்று வேண்டாம் என்று சொல்லும் துணிவு அவர்களுக்கு இருந்தது. அத்துணிவே கோலியனூர்த் திண்ணையில் எமக்கு இல்லாது போயிற்று.

பெரியோர் கடமை

இவ்வரலாற்றால் காற்றுத் துப்பாக்கி நல்லறிவு தரும் என்று எவரும் கொள்ளற்க. நல்லறிவு தந்தது துப்பாக்கியன்று. கடிதம் எழுதிய மாமனும் இழுப்பறை திறந்த மில்லார்டுமே. எத்துணையோ சிறுவர்க்குத் துப்பாக்கி மட்டும் கிடைத்தது, மில்லார்டு கிடைத்திலர். மேலும், சலீமின் கையால் வீழ்ந்தவை குருவிகளாகவே அமைந்தது நற்பேறு. காற்றுத் துப்பாக்கியின் சிறு ஈயக் குண்டு ஒரு குழந்தையின் கண்ணைப் போக்க வல்லது. அமீருதீன் பெருந்தகை இக்காலத்தில் வாழ்ந்திருப்பின், கொடுக்குமுன் இருமுறை எண்ணியிருப்பார் என்று நம்புகின்றோம்.

உண்மைத் துப்பாக்கியின் கொடுமை இன்னும் பெரிது. 2021 டிசம்பர் 30-ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலைப் பக்கத்தில், பயிற்சித் திடலிலிருந்து தப்பிப் பாய்ந்த குண்டொன்று, பாட்டனார் வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் தைத்தது. 2022 சனவரி 3-ஆம் நாள் அவன் இறந்தான். அவன் துப்பாக்கியைத் தொட்டவனல்லன், கண்டவனுமல்லன். சுடுவோர் பயிற்சி பெற்றோர். இடமோ அதற்கென ஒதுக்கப்பட்டது. அங்கேயே இது நிகழுமாயின், மூலையில் சாய்த்து வைத்த வீட்டுத் துப்பாக்கியைப் பற்றி என் சொல்வது!

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும் என்று விதித்துள்ளது. இருபத்தொரு வயது நிரம்பாதார் அதனை வைத்திருத்தலையும், விதித்த முறையில் நடைபெறும் பயிற்சி ஒழிய, தடுக்கின்றது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பறவை வேட்டையைத் தடுத்தது. ஆயினும் சட்டம் திண்ணையில் வந்து அமர்வதில்லை; அங்கு அமர்ந்திருப்போர் நாமே.

தேசிய மாணவர் படையில் பயிலும் நம் மாணவர் சில விதிகளை அறிவர். எத்துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே கருதுக. அதன் வாயை எவர் மீதும் திருப்பற்க. சுடும் நொடி வரை விசையில் விரல் வையற்க. குறிக்கு அப்பால் இருப்பது யாதென அறியாமல் சுடற்க. இல்லத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கி உண்டாயின் அதனை வெறுமையாக்கிப் பூட்டி வைக்க. தோட்டாவை வேறோரிடத்தில் பூட்டி வைக்க. சாவியைச் சிறார் அறியற்க. இவ்விதிகள் திடலோடு நின்றுவிடாமல் ஊருக்கும் வருதல் வேண்டும். தொடாதே என்று பிள்ளையை எச்சரிப்பது நன்று. ஆனால் அவ்வெச்சரிக்கையைப் பிள்ளை காப்பான் என்று நம்பிப் பெரியோர் பூட்டாதிருப்பது பேதைமை. ஆவல் சிறார்க்கு இயல்பு. காவல் பெரியோர்க்குக் கடன்.

முடிவுரை

சலீம் அலியின் வரலாற்றைப் படித்து முடித்த பின்னர் யாம் ஒரு பறவை நூல் வாங்கினோம். கோலியனூர்ச் சிறுவன் கொணர்ந்த பச்சைப் பறவையின் பெயரைத் தேடிக் கண்டோம். அது பஞ்சுருட்டான், தேனீயும் தட்டாரப் பூச்சியும் அதன் உணவு, மண் கரையில் வளை குடைந்து அதனுள் முட்டையிடும். அடுத்த விடுமுறையில் அவ்வீட்டிற்குச் சென்று, எம் அறியாமையை ஒப்புக்கொண்டு, அதனை அவனுக்குச் சொன்னோம். அந்நாளில் அவன் தங்கையின் முகத்துக்கு நேரே துப்பாக்கி இருந்ததையும், யாம் வாளாவிருந்ததையும் அவன் தந்தையாருக்குச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் உள்ளே சென்று, சுவராணியில் தொங்கிய துப்பாக்கியை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சிறுவன் வருந்தவில்லை. அப்பறவையின் வளை ஏரிக்கரையில் எவ்விடத்தில் இருக்கும் என்று எம்மை வினவினான். மாலையில் மூவரும் அதனைத் தேடிச் சென்றோம். தங்கையும் உடன் வந்தாள்.

மாணவ அன்பர்களே, நீவிரும் ஒரு நாள் தந்தையராயும் தாயராயும், மாமன்மாராயும் ஆசிரியராயும் விளங்குவீர். ஒரு சிறுவன் கேள்வியோடு உம் முன் வந்து நிற்கும்போது முதலில் அவன் கையை நோக்குக. பின்னர் அவன் கேள்விக்கு விடை கூறுக. தெரியாதாயின், தெரிந்தாரிடம் அவனை அழைத்துச் செல்க.